பச்சை ஏரியில் இறங்கலாமா?



2023ஆம் ஆண்டு கோடையில், வட அயர்லாந்தின் வடக்குக் கரையில் உள்ள போர்ட்ஸ்டூவர்ட், காசில்ராக் கடற்கரைகளில் யாரும் நீரில் இறங்க வேண்டாம் என்று சிவப்புக் கொடி ஏற்றினார்கள். காரணம் புயலும் அல்ல, சுழலும் அல்ல. கடல்நீரில் நீலப்பச்சைப்பாசி கலந்திருந்தது. அந்தப் பாசி கடலில் விளைந்ததும் அல்ல. உள்நாட்டில் இருக்கும் ஒரு நன்னீர் ஏரியில் மண்டி, அங்கிருந்து புறப்படும் ஆற்றோடு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வந்து கடலில் சேர்ந்திருந்தது. கடலில் குளிக்க வந்தவர்களை ஓர் ஏரி திருப்பி அனுப்பியது. இன்று நான் பேச வந்திருப்பது அந்த ஏரியைப் பற்றி.

லாக் நே என்பது அதன் பெயர். பிரிட்டன், அயர்லாந்து ஆகிய இரு தீவுகளிலும் பரப்பில் இதைவிடப் பெரிய ஏரி கிடையாது; சுமார் 390 சதுர கிலோமீட்டர். ஃபின் மெக்கூல் என்ற இராட்சத வீரன் ஒரு கை மண்ணை அள்ளிக் கடலில் வீசினான், அள்ளிய பள்ளம் ஏரியாயிற்று, வீசிய மண் மேன் தீவாயிற்று என்று அங்குள்ளவர்கள் கதை சொல்வார்கள். அவ்வளவு பெரிய ஏரிக்குச் சராசரி ஆழம் 9 மீட்டர்தான். வளர்ந்த பனை ஒன்றை அதன் தரையில் நட்டால் பாதி மரம் தண்ணீருக்கு வெளியே நிற்கும்.

ஆறு பெரிய ஆறுகள் அந்த ஏரிக்குள் வருகின்றன. வெளியேறுவது கீழ் பான் என்ற ஒன்றே ஒன்று. வட அயர்லாந்தின் நிலப்பரப்பில் 43 சதவீதம் இந்த ஏரிக்குள்தான் வடிகிறது. அந்நாட்டின் குடிநீரில் சுமார் 40 சதவீதம் இதே ஏரியிலிருந்து எடுக்கப்படுகிறது. நாட்டின் பாதிக்குச் சற்றுக் குறைவான நிலத்தைக் கழுவி வரும் நீரும், மக்களில் கணிசமானோர் குடிக்கும் நீரும் ஒரே இடத்தில் நிற்கின்றன. நீச்சலடிப்பவர்களும் படகு விடுபவர்களும் மீன் பிடிப்பவர்களும் போய் இறங்குவதும் அங்கேதான்.

நீலப்பச்சைப்பாசி என்று நாம் சொல்வது தாவரம் அல்ல. சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் பாக்டீரியா. பூமியில் ஆக்சிஜன் பெருகியதற்கே இவற்றின் முன்னோர்தான் காரணம். அந்த வகையில் நாமெல்லாம் அவற்றுக்குக் கடன்பட்டவர்கள். எல்லா நன்னீரிலும் அவை கொஞ்சம் இருக்கும், இருப்பதில் கெடுதல் இல்லை. கெடுதல் மண்டும்போது வருகிறது. மண்டுவதற்கு வெயில், வெப்பம், காற்றடிக்காத சில நாட்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஊட்டச்சத்து வேண்டும். ஊட்டச்சத்து என்றால் முக்கியமாகப் பாஸ்பரஸும் நைட்ரஜனும்.

எந்தச் சத்து பாசியைத் தூண்டுகிறது என்பதில் 1960களில் பெரிய சண்டையே நடந்தது. சோப்புத்தூள் கம்பெனிகள் பாஸ்பரஸைக் குற்றம் சொல்லாதீர்கள் என்றன. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானி 1973இல் ஒரு சிறிய ஏரியை எடுத்துக்கொண்டார். அதற்குப் பெயர்கூடக் கிடையாது, 226 என்று எண்தான். ஏரியின் இடுப்புப் பகுதியில் குறுக்கே பிளாஸ்டிக் திரை ஒன்றைக் கட்டி இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்துப் போட்டார்கள். வானிலிருந்து எடுத்த படத்தில் ஒரு பாதி கருநீலமாக இருக்கிறது. பாஸ்பரஸ் விழுந்த மறுபாதி பச்சை. அந்த ஒரு படம் பல நாடுகளின் சட்டத்தை மாற்ற உதவியது. நூறு பக்க அறிக்கை செய்யாததை அது செய்தது.

பாஸ்பரஸ் வந்து விழுந்தால் ஆழமான ஏரி ஓரளவு தாங்கும். கோடையில் அதன் மேல்நீர் சூடாகி மிதக்கும், அடிநீர் குளிர்ந்தே கிடக்கும். இரண்டும் எளிதில் கலக்காது. செத்த பாசியோடு அடிக்குப் போன சத்து பல மாதம் அடியிலேயே கிடக்கும். ஆழமற்ற ஏரிக்கு அந்த வசதி இல்லை. பலமாக ஒரு காற்று வீசினால் மேலிருந்து அடிவரை கலங்கிவிடும். அடிவண்டலில் இரும்பு பாஸ்பரஸைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் ஆக்சிஜன் இருக்கும்வரைதான் அந்தப் பிடி. வெயில் காலத்தில் வண்டலின் மேல் ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு கையை விட்டுவிடும். பல ஆண்டுகள் சேர்ந்த பாஸ்பரஸ், பாசிக்கு எப்போது தேவையோ சரியாக அப்போது மேலே எழும்பி வரும்.

லாக் நேயின் கதை இதுதான். 1960களின் இறுதியிலேயே அங்கே பாசி மண்டிப் பெரிய பேச்சானது. கரையில் ஆய்வுக்கூடம் வைத்துப் பல்கலைக்கழகத்தார் பல ஆண்டுகள் அளந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் பெரிய கழிவுநீர் நிலையங்களில் பாஸ்பரஸை நீக்கும் முறையும் வந்தது. ஆனாலும் ஏரி தெளியவில்லை. வயல்களிலிருந்து வருவது வந்துகொண்டே இருந்தது, வண்டலில் கிடந்ததும் வெளியே வந்துகொண்டே இருந்தது. ஆக, ஒரு தலைமுறைக்கு முன்னால் எந்த வயலில் எவ்வளவு சாணக் கரைசல் கொட்டினார்கள் என்பது, இன்று ஒரு சிறுமி அந்தக் கரையில் கால் நனைக்கலாமா என்பதைத் தீர்மானிக்கிறது. நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஏரியில் இறங்குவோரின் பாதுகாப்பு கரையில் முடிவாவதில்லை. கரையிலிருந்து வெகு தூரத்தில், பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

இன்னொரு விருந்தாளியும் இடையில் வந்து சேர்ந்தது. வரிக்குதிரைச் சிப்பி என்று ஒன்று, விரல்நகம் அளவுதான் இருக்கும். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து படகுகளில் ஒட்டிக்கொண்டு பரவிய இனம். 2005இல் லாக் நேயில் அதைக் கண்டார்கள். நீரை வடிகட்டியே அது உயிர்வாழ்கிறது. வடிகட்டினால் நீர் தெளியும், தெளிந்தால் நல்லதுதானே என்று நினைப்போம். தெளிந்த நீரில் வெயில் ஆழம்வரை இறங்கும். தனக்குப் பிடிக்காத மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப்பாசியைச் சிப்பி துப்பிவிடும், மற்றவற்றைத் தின்றுவிடும். போட்டியெல்லாம் தீர்ந்த களத்தில் மைக்ரோசிஸ்டிஸ் மட்டும் செழிக்கும். கடந்த முப்பது ஆண்டுகளில் ஏரிநீரும் ஒரு டிகிரிக்கு மேல் சூடாகியிருக்கிறது. எல்லாம் கூடி வந்த ஆண்டு 2023. விண்கலங்கள் எடுத்த படங்களில் ஏரி முழுக்கப் பச்சைச் சுழிகள் தெரிந்தன.

சரி, அந்த நீரில் இறங்கினால் என்ன ஆகும்?

பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது, அல்லது தோலில் அரிப்பும் தடிப்பும் வரும். விழுங்கிவிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைவலி, காய்ச்சல். மைக்ரோசிஸ்டிஸ் உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு ஈரலைத் தாக்கக்கூடியது. வேறு சில இனங்களின் நஞ்சு நரம்பைத் தாக்கும். நாய்கள் செத்துப்போகின்றன, நீரைக் குடிப்பதோடு, கரையேறிய பிறகு உடம்பில் ஒட்டிய பாசியை நக்கி நக்கித் தின்றுவிடுவதால். கால்நடைகள் சாவது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. 1878இல் ஜார்ஜ் ஃபிரான்சிஸ் என்ற வேதியியலாளர், தென் ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் ஆடுமாடுகள் சாவது பற்றி ‘நேச்சர்’ இதழுக்கு எழுதினார். ஏரியின் மேல் படர்ந்த படலத்தை ஓர் ஆட்டுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஒரு நாளுக்குள் அது செத்தது. அலெக்சாண்ட்ரினாவும் ஆழமற்ற ஏரிதான்.

உலகச் சுகாதார நிறுவனம் குளிக்கும் நீருக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது: ஒரு லிட்டரில் மைக்ரோசிஸ்டின் 24 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த அளவை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 15 கிலோ எடையுள்ள ஒரு குழந்தை விளையாடும்போது கால் லிட்டர் நீரை விழுங்கிவிடுகிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. மூன்று நான்கு வயதுக் குழந்தை. கரையோரம் முழங்கால் நீரில் உட்கார்ந்து, உள்ளங்கையால் நீரை அடித்துச் சிரிக்கும் குழந்தை. அந்தக் குழந்தையை மனதில் வைத்து ஓர் எண்ணை எழுதியவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஏனென்றால் அந்தக் குழந்தை உட்காரும் இடம்தான் ஏரியிலேயே ஆபத்தான இடம். மைக்ரோசிஸ்டிஸின் உடலுக்குள் நுண்ணிய காற்றறைகள் உண்டு. அவற்றைக் கொண்டு அது மேலே எழும்பும். காற்றடங்கிய அதிகாலையில் நீர்மட்டத்துக்கு வந்து மிதக்கும். அப்போது ஒரு மெல்லிய காற்று வீசினால் போதும், ஏரி முழுவதும் பரவியிருந்தது ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். நடு ஏரியில் கொஞ்சமாக இருந்த நஞ்சு அந்த மூலையில் பல நூறு மடங்காகலாம். அதனால் நடுவில் எடுத்த ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு ஏரி நன்றாக இருக்கிறது என்று சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. நேற்று எடுத்த மாதிரியும் இன்றைக்குப் பதில் சொல்லாது. இரவில் காற்று திசை மாறியிருக்கும்.

கண்ணால் பார்த்தே ஓரளவு பிரித்தறிய வழி உண்டு. நீண்ட குச்சி ஒன்றால் பச்சையைக் கிளறித் தூக்கிப் பாருங்கள். முடிபோல இழைஇழையாகத் தொங்கினால் அது பெரும்பாலும் சாதாரணப் பாசி. இழை இல்லாமல், பெயின்ட் டப்பாவில் முக்கி எடுத்ததுபோல் குச்சியில் பூசிக்கொண்டு வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். இன்னொன்று, கையுறை போட்டுக்கொண்டு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் அளவு நீரை மொண்டு, மூடி, ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். பச்சை அடியில் படிந்தால் பயம் குறைவு. கழுத்தருகே வளையமாக மிதந்தால் நீலப்பச்சைப்பாசியாக இருக்கலாம். இந்தச் சோதனைகள் எந்த வகைப் பாசி என்று ஊகிக்கத்தான் உதவும். நஞ்சு இருக்கிறதா என்பதை ஆய்வுக்கூடம்தான் சொல்லும். ஆகவே சந்தேகம் வந்தால் இறங்காதீர்கள். பிள்ளையையும் நாயையும் இறக்காதீர்கள். தெரியாமல் இறங்கிவிட்டால் நல்ல நீரில் உடனே குளித்துவிடுங்கள்.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியது. கிருமிக்கு அது சரி, இந்த நஞ்சுக்குச் சரியல்ல. அமெரிக்காவில் ஈரி ஏரியின் மேற்குப் பகுதி அந்த ஏரியிலேயே ஆழம் குறைந்த பகுதி. 2014 ஆகஸ்ட் தொடக்கத்தில் அங்கிருந்து நீர் எடுக்கும் டொலிடோ நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் 4 லட்சத்துக்கும் அதிகமானோரிடம் குழாய் நீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள் என்று சொன்னார்கள். கொதிக்கும்போது நீர்தான் ஆவியாகும். நஞ்சு பாத்திரத்திலேயே தங்கி மேலும் செறிவாகும்.

பச்சை நீரில் நஞ்சு இல்லாவிட்டாலும் ஓர் ஆபத்து இருக்கிறது. அதை யாரும் நீரின் தரத்தோடு சேர்த்துப் பேசுவதில்லை. 1865இல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்தார். இன்றும் உலகம் முழுக்க ஏரிகளில் அந்தத் தட்டை இறக்கித்தான் தெளிவை அளக்கிறார்கள். குளிக்கும் நீரில் அந்தத் தட்டு 1.2 மீட்டர் ஆழத்திலாவது தெரிய வேண்டும் என்று கனடாவின் வழிகாட்டுநெறி சொல்கிறது. அழகுக்காக மட்டும் சொன்னதல்ல அது. பாசி மண்டிய நீரில் இடுப்பளவு ஆழத்தில் ஒரு குழந்தை மூழ்கினாலும் கரையில் நிற்கும் காவலருக்குத் தெரியாது. தலைகீழாகக் குதிக்கும் இளைஞனுக்குத் தரை எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆழம் குறைவு என்றாலே பாதுகாப்பு என்று எண்ணுகிறோம். சேறும் கலங்கலும் சேர்ந்த ஆழமின்மை நம்மை ஏமாற்றும்.

மலக்கழிவும் உண்டு. பாசிக்குச் சத்துக் கொண்டுவரும் அதே ஓடைதான் அதையும் கொண்டுவருகிறது. லாக் நேயின் பாசிப் படலத்தை ஆராய்ந்த குவீன்ஸ் பல்கலைக்கழகத்தார், மனித, விலங்கு மலத்திலிருந்து வரும் பாக்டீரியாவையும் அதில் கண்டார்கள். பலத்த மழை பெய்து ஓரிரு நாட்கள்வரை எந்த ஊர் ஏரியிலும் இறங்காமல் இருப்பது நல்லது.

இவ்வளவுக்கும் பொறுப்பு யார்? லாக் நேக்குள் வரும் பாஸ்பரஸில் சுமார் 62 சதவீதம் விவசாயத்திலிருந்தும், 24 சதவீதம் கழிவுநீர் நிலையங்களிலிருந்தும், 12 சதவீதம் செப்டிக் டேங்குகளிலிருந்தும் வருவதாக அரசுத் துறையே கணக்குச் சொல்கிறது. விவசாயத்தின் பங்கு பெரிது என்பதால் விவசாயியைக் கூண்டில் ஏற்றிவிடலாம். அது நியாயம் ஆகாது என்பது என் கருத்து. 2013இல் உணவு உற்பத்தியைப் பெருக்கு, மாட்டையும் கோழியையும் பன்றியையும் பெருக்கு என்று ஒரு பெரும் திட்டத்தை அரசுதான் முன்னெடுத்தது. வெளிநாட்டுத் தீவனம் கப்பலில் வந்து இறங்கியது. இறைச்சி கப்பலில் ஏறிப் போனது. தீவனத்தில் வந்த பாஸ்பரஸில் பெரும்பகுதி சாணமாக அந்தச் சிறிய நாட்டிலேயே தங்கிவிட்டது. அந்தச் சாணத்தைக் கொட்ட நிலம் போதவில்லை. விவசாயி என்ன செய்வார்?

ஏரியின் பொறுப்பும் சிதறிக் கிடக்கிறது. அதன் அடிப்படுகை ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் குடும்பச் சொத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து அப்படித்தான். நீருக்கு ஒரு துறை, மீனுக்கு ஒரு துறை, குடிநீருக்கு ஒரு நிறுவனம், மண் அள்ள உரிமை பெற்ற கம்பெனிகள் என்று ஆளாளுக்கு ஒரு துண்டு. 2022 பிப்ரவரி முதல் 2024 பிப்ரவரி வரை அந்நாட்டில் அமைச்சரவையே இயங்கவில்லை. ஏரி பச்சையானது அந்த இடைவெளியில். பாதிக்கப்பட்டவர்களில் நான் முதலில் நினைப்பது விலாங்கு மீனவர்களை. 1965இல், ஆலிவர் கென்னடி என்ற பாதிரியாரும் முன்நிற்க, அவர்கள் சங்கம் அமைத்துப் போராடி, தனியார் கம்பெனியின் கையில் இருந்த மீன்பிடி உரிமையைப் பின்னர் படிப்படியாக விலைக்கு வாங்கித் தங்கள் கூட்டுறவுக்குச் சொந்தமாக்கினார்கள். ஐரோப்பாவின் பெரிய விலாங்கு மீன்பிடிப்புகளில் ஒன்று அது. 2025இல் விலாங்கில் கொழுப்புப் போதவில்லை, தரமில்லை என்று பிடிப்பதையே நிறுத்த வேண்டியதாயிற்று. உரிமை கையில் இருக்கிறது, ஆனால் பிடிக்கத் தகுந்த மீன் இல்லை.

2023 செப்டம்பரில் பாலிரோனன் கரையில் ஊர் மக்கள் கூடி, ஏரிக்கு இழவு காத்தார்கள். அயர்லாந்தில் இறந்தவர் வீட்டில் இரவெல்லாம் விழித்திருக்கும் வழக்கம் உண்டு. அந்த மரபில், சவப்பெட்டி சுமந்து, ஏரியைச் செத்த உறவாகப் பாவித்துத் துக்கம் கொண்டாடினார்கள். அதன் பிறகு அமைச்சரவை திரும்பியது. 2024 ஜூலையில் 37 நடவடிக்கைகள் கொண்ட திட்டம் வெளிவந்தது. அதற்குப் பிறகும் பாசி திரும்பி வந்தது. வண்டலைப் பற்றி நான் முன்பு சொன்னதை வைத்துப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. திட்டம் தோற்றது என்று இப்போதே கைகழுவுவதும் கூடாது.

நெதர்லாந்தில் வெலூவமீர் என்று ஓர் ஏரி, லாக் நேயைவிட மிகவும் ஆழம் குறைந்தது. 1960களின் இறுதியில் அதுவும் இப்படிப் பச்சையாயிற்று. 1979இல் கழிவுநீரின் பாஸ்பரஸைக் குறைத்தார்கள். சத்துக் குறைந்த நீரை விட்டுக் குளிர்காலங்களில் ஏரியை அலசினார்கள். பத்தாண்டுக்கு மேல் பெரிய மாற்றம் தெரியவில்லை. அடிச்சேற்றைக் கிளறித் தின்னும் பிரீம் மீன்களைப் பெருமளவில் பிடித்து அகற்றிய பின், 1990களில் நீர்த்தாவரங்கள் தரையெங்கும் படர்ந்தன, நீர் தெளிந்தது. தாவரம் வேர்விட்டுவிட்டால் சேறு கிளம்பாது. தெளிவு தன்னைத் தானே காத்துக்கொள்ளும். ஏரி மீளும். ஆனால் ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் இடையில் மீளாது.

நம் ஊருக்கு வருகிறேன். நம்முடைய ஏரிகளும் குளங்களும் ஏறக்குறைய எல்லாமே ஆழமற்றவை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குளிக்கத் தகுந்த நீருக்கு வைத்திருக்கும் அளவுகோலில் கோலிஃபார்ம் கிருமி, கார அமிலத் தன்மை, கரைந்த ஆக்சிஜன், பி.ஓ.டி. என்ற உயிர்வேதி ஆக்சிஜன் தேவை எல்லாம் இருக்கின்றன. நீலப்பச்சைப்பாசியின் நஞ்சு அதில் இல்லை. கழிவுநீர் கலக்கும் ஓர் ஏரியில் பட்டப்பகலில் பாசி பொங்கி ஒளிச்சேர்க்கை செய்யும்போது அளந்தால், ஆக்சிஜன் தாராளமாகவே காட்டும். அந்த ஓர் எண்ணை மட்டும் பார்ப்பவர் நீர் நன்றாக இருக்கிறது என்றுதான் எழுதுவார்.

உதகை ஏரி 1820களில் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் வெட்டியது. கோடப்பமந்து கால்வாய் வழியாக ஊரின் கழிவு அதில் வந்து சேர்வது உதகையில் எல்லோருக்கும் தெரியும். அதே ஏரியில்தான் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று படகேறுகிறார்கள், பிள்ளைகள் படகின் விளிம்பில் சாய்ந்து நீரில் விரல் விட்டுக்கொண்டு போகிறார்கள். நான் போய் வந்த படகுத்துறைகளில் கட்டணப் பலகை பார்த்திருக்கிறேன், லைஃப் ஜாக்கெட் கட்டாயம் என்ற பலகையும் பார்த்திருக்கிறேன். நீர் எப்படி இருக்கிறது என்று சொல்லும் பலகையை எங்கும் பார்த்ததில்லை.

அப்படி ஒரு பலகையைக் கேட்போம் என்பதே என் வேண்டுகோள். நீர் மாதிரி எடுத்த தேதி, எடுத்த இடம் படகுத்துறையா நடு ஏரியா, கிருமி எண்ணிக்கை, பாசியின் அளவு, செக்கித் தட்டு எத்தனை அடியில் மறைந்தது, புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண். கட்டணப் பலகைக்குப் பக்கத்திலேயே, அதே உயரத்தில், அதே அளவு எழுத்தில், தமிழில். வாரம் ஒரு முறை அதை மாற்றி எழுத ஓர் ஆள். வசூலாகும் படகுக் கட்டணத்தில் அதற்கு இடம் இருக்கிறது.